தள்ளினால் கோபிக்காது... யாழ்ப்பாணத்து ‘ஏ ஃபோர்ட்டி’!

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் தட்டையாகப் படுத்திருக்கும் நிலம் அது. ஓர் ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கிவிடும். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். வயதான கார் ஒன்று தன் ஓய்வுக்காலத்தைக் கழிக்க இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

அங்கே பனை வேலிகளுக்கு நடுவே, உருண்டை முதுகும் பெரிய கண்களுமாக ஒரு கார் மெல்ல வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அது ஆஸ்டின் ஏ40. ஊர்க்காரர்களுக்கு அது ‘ஏ ஃபோர்ட்டி’. தாத்தா ஓட்டிய காரைப் பேரன் தள்ளும் காட்சியும் அவ்வப்போது கிடைக்கும்.

இங்கிலாந்தில் செய்த இந்தக் கார்கள் 1940களின் கடைசியிலும் 1950களிலும் இலங்கைக்குக் கப்பலில் வந்தன. ஏ40 டெவன், ஏ40 சமர்செட், பிறகு கேம்பிரிட்ஜ் ஏ55. கூடவே மோரிஸ் மைனரும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும். கொழும்பில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர்கள், டாக்டர்கள், சுருட்டு வியாபாரிகள் என்று காசு இருந்தவர்கள் வாங்கினார்கள். பிறகு அவை கை மாறி வாடகைக் கார்களாகவும், நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக் கார்களாகவும் ஆயின.

1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ‘இருப்பதை ஓட்டு’ என்ற பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. 1977க்குப் பிறகு சந்தை திறந்து ஜப்பான் கார்கள் வந்தபோது, தெற்கே பலர் பழைய ஆங்கிலக் கார்களைக் கைவிட்டார்கள். வடக்கில் கைவிட முடியவில்லை. அடுத்து வந்தது யுத்தம்.

எண் பலகையே ஒரு சரித்திரம்

கொக்குவிலில் ஒரு வீடு. முற்றத்தில் மாமரம், அதன் கீழே தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் 1954ஆம் ஆண்டு சமர்செட். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 74 வயது. ஊரே அவரை ‘மாஸ்ரர்’ என்றுதான் கூப்பிடும். காரை வாங்கியவர் அவருடைய அப்பா. 1963இல், மூன்றாவது கையாக.

காரின் எண் பலகையில் இரண்டு ஆங்கில எழுத்துகள். 1950களின் பிற்பகுதியில் வந்த வண்டிகளுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் போட வேண்டும் என்று அரசு சொன்னது. 1958இல் தமிழ்ப் பகுதிகளில் அதை எதிர்த்துப் பெரிய போராட்டமே நடந்தது. அதற்கு முன்பே பதிவான கார் என்பதால் மாஸ்ரர் வீட்டு ஏ40க்கு அந்தச் சிக்கல் இல்லை.

கதவைத் திறந்தால் உள்ளே சோபா மாதிரி ஒரே நீள இருக்கை. கியர் மாற்றும் கம்பி ஸ்டீயரிங்குக்குக் கீழே. திரும்பும்போது விளக்கு மினுக்காது. பக்கவாட்டுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று ‘டக்’ என்று வெளியே நீளும். சீட் பெல்ட் கிடையாது. 1200 சிசி என்ஜின், 40 குதிரைச் சக்திக்குக் கொஞ்சம் மேல்.

இன்றைய காரில் கோளாறு வந்தால் கம்ப்யூட்டரை மாட்டித்தான் பார்க்க வேண்டும். ஏ40க்குக் கண்ணும் காதும் மூக்கும் போதும். அடியில் தனியாகச் சட்டம், அதன் மேல் உடல். பானெட்டைத் தூக்கினால் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். இது நீண்ட காலம் வாழ்ந்ததற்கு முதல் காரணம் இந்த எளிமைதான்.

மண்ணெண்ணெய் குடித்த கார்

1990இல் யுத்தம் மறுபடி மூண்டபோது குடாநாட்டுக்குப் போகும் பாதை மூடியது. பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட், உரம், சோப்பு என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீளம். மின்சாரமும் போனது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். அதே மண்ணெண்ணெய்தான் கார்களையும் ஓட்டியது.

இந்த வித்தையை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. வெங்காயத் தோட்டத்துக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மிஷின்கள் அப்படித்தான் ஓடின. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த வேலை.

அதில் உள்ள விஷயம் இதுதான். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதனால் கிளப்பும்போது மட்டும் கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் வேண்டும். என்ஜின் சூடாகிவிட்டால் அந்தச் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். புதிய என்ஜின்களில் அமுக்கம் அதிகம். அவற்றில் மண்ணெண்ணெய் விட்டால் ‘தட தட’ என்று அடித்துக் கெட்டுவிடும். ஏ40யின் அமுக்கம் குறைவு. பொறுத்துக்கொண்டது.

அன்றைய கார்க்காரரின் கையில் ஒரு சின்னப் போத்தல் கட்டாயம் இருக்கும். உள்ளே பெட்ரோல். தங்கம் மாதிரி பத்திரம். வழியில் நிறுத்தினால் மறுபடி கிளப்பத் துளி பெட்ரோல் வேண்டும் என்பதால், கடைக்குப் போனாலும் என்ஜினை நிறுத்தமாட்டார்கள்.

பேட்டரி கிடைக்காததற்கும் வழி இருந்தது. காரின் முன்பக்கத் துளைக்குள் இரும்புக் கைப்பிடியைச் செருகி, வேகமாக மேல்நோக்கி இழுத்துச் சுற்ற வேண்டும். பெருவிரலால் கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது என்பது பாலபாடம். மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். என்ஜின் பின்னோக்கி உதைத்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும்.

இதற்கெல்லாம் விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் தண்ணீர் மாதிரி ஆகும். பிளக்கில் கரி பிடிக்கும். பின்னால் வெள்ளைப் புகை. உள்ளே உட்கார்ந்தவர் உடையெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். கல்யாணப் பட்டுப் புடவையும் அந்த வாசத்தோடுதான் மண்டபத்துக்குப் போனது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கே ஒரு பிளக்குக்கு அலைந்த அதே 1990களில், தென்னிலங்கையில் மோரிஸ் மைனருக்கான தகடுகளைக் கையால் செய்து பிரிட்டனுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். கார் பிறந்த நாட்டிலேயே அதன் பாகங்களுக்குத் தட்டுப்பாடு!

1995 அக்டோபர் 30

யாழ்ப்பாணத்தில் அந்த நாளை மறந்தவர்கள் கிடையாது. ராணுவம் நகரை நெருங்கியபோது, வலிகாமத்தின் மக்கள் எல்லோரும் தென்மராட்சிக்குப் புறப்பட்டார்கள். லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். சைக்கிள்கள், மாட்டு வண்டிகள், டிராக்டர்கள். நடுநடுவே இந்தக் கார்கள். மேலே மழை.

மாஸ்ரர் வீட்டு ஏ40யில் அன்று அவருடைய அம்மா, இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் படுக்கை நோயாளி ஒருவர், அரிசி மூட்டை, பள்ளிச் சான்றிதழ்கள். மாஸ்ரரின் மனைவி சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். நெரிசலில் கார் நகர்வது அடி அடியாகத்தான். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்றுப் படாது. தண்ணீர் கொதித்தது.

மாஸ்ரர் என்ஜினை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் மறுபடி கிளப்பப் பெட்ரோல் இல்லை என்று தெரிந்தே நிறுத்தினார். அதன் பிறகு தள்ளல்தான். முன்பின் தெரியாதவர்கள் கை கொடுத்தார்கள். கொஞ்ச தூரம் தள்ளியவர் விலக, இன்னொருவர் வந்து கை வைத்தார். பாதி ராத்திரியில் துணியைப் பிழிந்து மழைத் தண்ணீரைச் சேர்த்து ரேடியேட்டருக்கு ஊற்றினார்கள். விடியும்போது பாலத்தைக் கடந்திருந்தார்கள்.

“அண்டைக்கு அது எங்களைக் கொண்டு போகேல்லை, நாங்கள்தான் அதைக் கொண்டு போனாங்கள்” என்பார் மாஸ்ரரின் மனைவி. “ஆனால் உள்ளுக்கை இருந்த கிழவி நனையேல்லை. அது காணும்.”

அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது வீட்டுக் கூரை இல்லை. கார் இருந்தது.

தகரமும் ரப்பரும்

யாழ்ப்பாணத்தின் பழைய கராஜ் ஒன்றுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது டப்பாக்கள்தான். பால்மா டின்னுக்குள் திருகாணிகள், பிஸ்கட் டின்னுக்குள் பழைய பாயின்ட்கள். எதையும் எறிவதில்லை. ஒன்று உடைந்தால் அதைப்போல இன்னொன்றைக் கடைந்து எடுக்க மாதிரியாவது வேண்டுமே! டயர் டியூபை வெட்டி வாஷர், உலோகத் துண்டைக் கடைந்து புஷ், லாரி ஸ்பிரிங் தகட்டை அறுத்துக் கார் ஸ்பிரிங் என்று எல்லாமே ஒன்றுக்குள் ஒன்று.

மாஸ்ரரின் கார் வைத்தியர் அவரைவிட இரண்டு வயது இளையவர். இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்பது தனி சுவை.

“என்னவாம் இண்டைக்கு?”

“பெற்றோல் மேலை வருகுதில்லை மாஸ்ரர். பம்ப் களைச்சுப் போச்சு.”

“போன கிழமைதானே பாத்தனீர்?”

“போன கிழமை பாத்தது கார்புரேட்டர். அது நல்லா இருக்கு. அதுக்குப் பக்கத்திலை இருக்கிறவருக்குத்தான் இப்ப வருத்தம்.”

பழைய காரின் குணமே அதுதான். ஒன்றைச் சரிசெய்தால் அதுவரை அடங்கியிருந்த இன்னொன்று எழுந்து நிற்கும். புது பம்ப் போட்டால் பழைய குழாய் கசியும். குழாயை மாற்றினால் டேங்கின் துரு கிளம்பி வந்து அடைக்கும்.

கேம்பிரிட்ஜ் ஏ55 வைத்திருப்பவர்கள் பாடு கொஞ்சம் மேல். அதன் 1489 சிசி என்ஜினும் நம்மூர் அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த பெட்ரோல் என்ஜினும் ஒரே குடும்பம். அதனால் சென்னையில் வாங்கும் பல பாகங்கள் அங்கேயும் பொருந்தும். 2019இல் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் தொடங்கியபோது அதிகம் மகிழ்ந்தவர்களில் ஏ55 உரிமையாளர்களும் இருந்திருப்பார்கள். சமர்செட்டின் 1200 சிசி என்ஜின் வேறு வகை. அதற்குக் கடைசல் பட்டறைதான் கதி.

கீரிமலைக்கு ஒரு பயணம்

கொக்குவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை. மொத்தம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. புதிய காரில் அரை மணி நேரம். ஏ40யில் எவ்வளவு நேரம் என்பதை ஏ40 தீர்மானிக்கும்.

இருபுறமும் செம்மண் தோட்டங்கள். மருதனார்மடத்தில் மரக்கறிச் சந்தை, சுன்னாகத்தில் பெரிய சந்தை. தெல்லிப்பழையைத் தாண்டினால் நிலம் மாறும். 1990இலிருந்து பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயமாக மூடிக் கிடந்த பகுதி அது. யுத்தம் முடிந்த பிறகுதான் கட்டம் கட்டமாக மக்களிடம் திரும்பியது. கூரையில்லாத வீடுகளுக்குள் மரம் வளர்ந்திருப்பதை இன்னும் பார்க்கலாம். புதுச் சுண்ணாம்பு அடித்த வீடுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

முடிவில் கீரிமலை. நகுலேஸ்வரர் கோயில், கடலை ஒட்டி நன்னீர்க் கேணி. நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லின் வழியாக ஊறி வரும் தண்ணீர் கேணியில் நிறைந்து, சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள கடலில் கலக்கும். ஆடி அமாவாசைக்குத் தந்தையை இழந்தவர்கள் இங்கே வந்து தீர்த்தமாடுவார்கள். மாஸ்ரரும் ஆண்டுதோறும் அப்பாவுக்காக வருவார். அப்பா வாங்கிய காரில்தான் வருவார்.

போன முறை மல்லாகத்தில் கார் நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கிவிட்டுப் பக்கத்துக் கடையில் தேநீர் குடித்தார்கள். அரை மணி நேரத்தில் அதுவாகவே கிளம்பியது. என்ஜின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் அதை இழுக்க முடியாது. ஆறினால் சரியாகும். மருந்து பொறுமைதான்.

வரிசையில் நின்ற 2022

யுத்தத்தில் ஓடிய கார் சமாதான காலத்தில் நின்றது ஒரு விசித்திரம். 2022இல் இலங்கையின் கஜானா காலியானது. பெட்ரோல் நிலையங்களில் மைல் கணக்கில் வரிசை. காருக்குள்ளேயே தூங்கி எழுந்தார்கள். ஜூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. காருக்கு வாரம் 20 லிட்டர்.

பழைய ஆட்களுக்கு உடனே மண்ணெண்ணெய் ஞாபகம் வந்தது. ஆனால் அதற்கும் தட்டுப்பாடு. மீனவர்களின் படகுகளே கரையில் கிடந்தன. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. பழைய வித்தை இந்த முறை கைகொடுக்கவில்லை. கொட்டகைக்குள் மாதக்கணக்கில் நின்ற ஏ40க்கு பிரேக் பிடித்து இறுகி, டேங்கில் துரு கட்டியது. மறுபடி அதை ஓட வைக்க ஆன செலவு மாஸ்ரரின் மூன்று மாத ஓய்வூதியம்.

விற்பதா, வைத்திருப்பதா?

மகன் டொராண்டோவில். மகளும் பேத்தியும் கொக்குவிலில் மாஸ்ரரோடு. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி தொடங்கியது. வரி அதிகம் என்பதால் புதுக் கார் எட்டாத உயரம். பழைய கார்களுக்கோ கொழும்பில் ஆசைக்காரர்கள் உண்டு. கல்யாண ஊர்வலத்துக்கும் கேட்கிறார்கள். நல்ல விலைக்கு ஆள் வந்தது.

“குடுத்திட்டுச் சின்னக் கார் ஒண்டு எடுங்கோ அப்பா. மிச்சத்தை நான் அனுப்பிறன்” என்றான் மகன் தொலைபேசியில்.

மகள் சொன்ன காரணம் இன்னும் கனமானது. அம்மாவுக்கு இதய நோய். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி கிளினிக். ஒருநாள் மூச்சு வாங்கத் தொடங்கி அவசரமாகக் கிளம்பியபோது ஏ40 எழும்பவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோதான் கொண்டுபோய்ச் சேர்த்தது. “இன்னும் பத்து நிமிசம் பிந்தியிருந்தால்?” என்று மகள் கேட்டபோது மாஸ்ரரிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி அவர் கொட்டகைக்குப் போகவில்லை. மறுநாள் மனைவிதான் பேச்சை எடுத்தார்.

“இஞ்சாருங்கோ, விக்க வேண்டாம். ஆனால் என்ரை உயிரை அதிலை ஏத்தவும் வேண்டாம்.”

அந்த ஒரு வாக்கியம்தான் தீர்ப்பு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, கோயிலுக்கு ஏ40. ஆட்டோக்காரரின் எண் வீட்டில் எல்லோருடைய போனிலும் முதல் எண்ணாக ஏறியது. இருட்டினால் ஏ40யை எடுப்பதில்லை. மழை நாளில் எடுப்பதில்லை. சின்னப் பிள்ளைகளை முன் இருக்கையில் ஏற்றுவதில்லை. மாதச் செலவுக்கு ஓர் எல்லை, அதைத் தாண்டினால் அடுத்த மாதம்வரை கார் கொட்டகையிலேயே நிற்கும்.

பழைய காரை வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பாசம் வேறு, நம்பிக்கை வேறு. பாசத்துக்காக வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு நம்பக் கூடாது.

உங்கள் வீட்டிலும் ஒரு கிழவர் நிற்கிறாரா?

அம்பாசடரோ, பத்மினியோ, மாருதி 800ஓ... யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் சொல்லும் பாடம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

* வாரம் ஒருமுறை 20 நிமிடமாவது ஓட்டுங்கள். நின்ற இடத்தில் கிளப்பி அணைப்பது ஓட்டியதாகாது. ஓடுவதைவிட நிற்பதுதான் பழைய காரைக் கெடுக்கும்.
* முதல் செலவு பிரேக்குக்கு. பெயின்ட் அப்புறம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.
* டயரின் பட்டையை மட்டும் பார்க்காதீர்கள், வயதையும் பாருங்கள். ஓடாத டயரும் வெடித்துப் பிளக்கும்.
* பெட்ரோல் குழாய், ரேடியேட்டர் குழாய், ஃபேன் பெல்ட். இந்த மூன்று ரப்பரும் விரிசல் விட்டால் காத்திருக்காமல் மாற்றுங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் ஓட்டாதீர்கள்.
* சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. ஆறட்டும்.
* தீயணைப்பான் ஒன்று, ஒரு பெல்ட், பாயின்ட், பிளக், தண்ணீர், டார்ச். இவை இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டாம்.
* ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். என்ன மாற்றியது, எப்போது, எவ்வளவு.

கடைசியாகச் சொன்ன நோட்டு மாஸ்ரர் வீட்டிலும் உண்டு. இன்று அது ஐந்தாவது நோட்டு. முதல் இரண்டும் அவருடைய அப்பாவின் கையெழுத்து. 1990களின் பக்கங்களில் பென்சில் எழுத்து, மங்கலாக மண்ணெண்ணெய்க் கறை. இடம்பெயர்ந்த ஆறு மாதங்களுக்குப் பக்கமே இல்லை.

இப்போது எழுதுவது பேத்தி. வயது 16. கார் ஓட்ட இன்னும் வயது வரவில்லை. ஆனால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி பார்க்கத் தெரியும். கார் வைத்தியருக்கு இப்போது பார்வை மங்கல். நுண்ணிய வேலை வந்தால், “பிள்ளை, இஞ்சை வா, இதைப் பார்” என்று அவளைத்தான் கூப்பிடுகிறார். அவர் காதால் கேட்டுச் சொல்வதை அவள் கண்ணால் பார்த்துச் செய்கிறாள். முடிந்ததும் நோட்டை எடுத்துத் தேதியைப் போடுகிறாள்.